வீட்டில் மட்டும் மக்கர் செய்யும் லேப்டாப்: கடைக்குக் கொண்டு போகும் முன் பார்க்க வேண்டியவை



நம் கல்வி உதவித் திட்டத்தில் லேப்டாப் பெற்ற பிள்ளைகளின் வீடுகளிலிருந்து ஒரு புகார் அடிக்கடி வருகிறது. "காலேஜில் நல்லா ஓடுது. இங்கே ஆபீஸிலும் நல்லா ஓடுது. வீட்டுக்குக் கொண்டு போனால் மட்டும் நெட் வரமாட்டேங்குது." சொல்பவர்களுக்கே இது நம்ப முடியாததாகத்தான் இருக்கிறது. ஒரே மிஷின், ஒரே பிள்ளை. இடம் மாறினால் மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்?

இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்காமல் போனதால் சென்ற ஆண்டு நாங்களே ஒரு தவறு செய்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதே தவறு உங்கள் வீட்டிலும் நடந்துவிடக் கூடாது.

நடந்தது என்ன?

கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் ஒரு பிள்ளை. வாப்பா இல்லை. உம்மா தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். வீட்டில் லேப்டாப்பைத் திறந்தால் வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டும். ஆனால் கூடவே 'இணையம் இல்லை' என்றும் ஒரு வரி வரும். சில நாள் தானாகவே சரியாகும், மறுநாள் மீண்டும் பழைய கதை. உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்களிடம் வந்தார்கள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "கடையில் கொடுத்துப் பாருங்கள், செலவை நாங்கள் தருகிறோம்" என்று சொல்லிவிட்டேன். கடையில் வைரஸாக இருக்கும் என்று ஃபார்மேட் செய்து கொடுத்தார்கள். வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்காத ப்ராஜெக்ட் பக்கங்கள் அத்தனையும் அதோடு போயின. வீட்டுக்கு வந்த முதல் நாள் மாலை நெட் வந்தது. மறுநாள் காலையில் இல்லை. இன்னொரு கடையில் வைஃபை கார்டு போய்விட்டது, போர்டையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். அந்த உம்மா புது லேப்டாப்புக்கு உதவி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது: அந்த லேப்டாப் எங்கள் அலுவலக மேஜையில் ஒரு மணி நேரமாக எந்தக் குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தது.

கார்டு போயிருந்தால் இங்கே எப்படி ஓடும்?

அன்று அலுவலகத்தில் இருந்த, கணினி படித்த தம்பி ஒருவர் அஸருக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போய் அரை மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார். லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. அவர் எந்தெந்த வரிசையில் பார்த்தார் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கணினி தெரியாத எனக்கே அது புரிந்தது. உங்களுக்கும் புரியும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம்

வெளியே ஓடுகிற மிஷின் வீட்டில் மட்டும் ஓடவில்லை என்றால், பெரும்பாலும் மிஷின் கெடவில்லை. கோளாறு வீட்டு நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். அல்லது அந்த நெட்வொர்க்கும் லேப்டாப்பும் ஒத்துப்போகாத ஏதோ ஓர் அமைப்பில் இருக்க வேண்டும். இரண்டுக்குமே ஃபார்மேட் முதல் மருந்து அல்ல.

வீட்டுக்கு நெட் எப்படி வருகிறது என்பதை ஒரு முறை மனத்தில் வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து ஃபைபர் கேபிள் வருகிறது. சுவரில் மாட்டியிருக்கும் சிறு பெட்டிக்குள் அது நுழைகிறது. அந்தப் பெட்டியே பல வீடுகளில் ரவுட்டராகவும் இருக்கிறது; சில வீடுகளில் ரவுட்டர் தனியாக இருக்கும். ரவுட்டரிலிருந்து காற்றில் வைஃபையாகவோ கம்பி வழியாகவோ லேப்டாப்புக்கு வருகிறது. ஆக, கேபிள், பெட்டி, வைஃபை, லேப்டாப் என்று நான்கு கண்ணிகள். எந்தக் கண்ணி அறுந்தாலும் லேப்டாப் திரையில் 'நெட் இல்லை' என்றுதான் தெரியும். அதனால்தான் பழி எப்போதும் லேப்டாப் மேல் விழுகிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கைந்தை ஒன்றாக மாற்றினால் தற்செயலாகச் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த வாரம் திரும்ப வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சோதனை 1: இடம் மாற்றிப் பார்த்தல்

இதற்கு எந்த அறிவும் தேவையில்லை. ஒரு செல்போன் போதும்.

அ) போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, வீட்டிலேயே வைத்து லேப்டாப்பை அதில் இணையுங்கள். நெட் வந்தால் லேப்டாப்பின் வைஃபை கார்டு நன்றாக இருக்கிறது.

ஆ) ஹாட்ஸ்பாட்டை நிறுத்திவிட்டு, அந்தப் போனை வீட்டு வைஃபையில் இணையுங்கள். முக்கியம்: போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். வைஃபையில் நெட் இல்லாவிட்டால் இப்போதைய போன்கள் பல, நம்மிடம் சொல்லாமலே சிம் கார்டின் டேட்டாவுக்கு மாறிவிடும். "எங்கள் போனிலெல்லாம் வருகிறதே, லேப்டாப்பில் மட்டும்தான் வரவில்லை" என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம். நான் மேலே சொன்ன வீட்டிலும் இதுதான் நடந்தது. மாடியில் எந்தப் போனிலும் வைஃபை வழியாக நெட் வரவில்லை. டேட்டா ஓடிக்கொண்டிருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை. பாவம், லேப்டாப் மாட்டிக்கொண்டது.

இந்த இரண்டு சோதனைகளின் பலன்:

ஹாட்ஸ்பாட்டிலும் லேப்டாப்பில் நெட் வரவில்லை என்றால் கோளாறு லேப்டாப்பில். அப்போது கடைக்குப் போகலாம்.

ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் ஓடுகிறது, வீட்டு வைஃபையில் போனும் ஓடவில்லை என்றால் கோளாறு பெட்டியிலோ வெளி லைனிலோ. சோதனை 2-க்குப் போங்கள்.

ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் ஓடுகிறது, வீட்டு வைஃபையில் போனும் ஓடுகிறது, வீட்டு வைஃபையில் லேப்டாப் மட்டும் ஓடவில்லை என்றால் இரண்டுக்கும் இடையே உள்ள அமைப்பில் ஏதோ சிக்கல். சோதனை 3-க்குப் போங்கள்.

சோதனையை லேப்டாப் வைத்துப் படிக்கும் அதே இடத்தில் செய்யுங்கள். கூடத்தில் சோதித்துவிட்டு மாடி அறைக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சோதனை 2: பெட்டியைப் பார்த்தல்

ஃபைபர் பெட்டியின் முன்பக்கம் சிறு விளக்குகள் இருக்கும். 'பான்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் விளக்கு சீராக எரிய வேண்டும். 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, கேபிளில் ஒளி வந்து சேரவில்லை. வெளியே கேபிள் அறுந்திருக்கலாம். வீட்டுக்குள் மேஜைக்கும் சுவருக்கும் இடையே நசுங்கியிருக்கலாம். இதற்கு நாம் வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இணைப்பு கொடுத்தவரிடம் "லாஸ் விளக்கு சிவப்பாக எரிகிறது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லே அவர்களுக்குப் போதும். ஃபைபர் கேபிளின் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் பார்க்க விடாதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்கு நல்லதும் அல்ல.

விளக்குகள் சரியாக இருந்தால் பெட்டியின் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் போடுங்கள். முழுதாக எழுந்து நிற்க நான்கைந்து நிமிடம் கொடுங்கள். ஆனால் பெட்டியின் பின்னால் குண்டூசியால் அழுத்தும் சிறு துளை ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். அது அணைத்துப் போடும் பொத்தான் அல்ல. அழுத்தினால், இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல் முதல் எல்லா அமைப்புகளும் அழிந்து, ஆள் வந்து மறுபடி போட்டால்தான் நெட் வரும் என்ற நிலைகூட வரலாம்.

இன்னொன்று. மின்சாரம் போகும்போது லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது. பெட்டிக்கு இல்லை. ஃபேன், லைட் எல்லாம் இன்வெர்ட்டரில் இருக்கும். பெட்டி மாட்டிய ப்ளக் இன்வெர்ட்டரில் இருக்காது. கண் சிமிட்டும் நேரம் கரண்ட் போய் வந்தாலும் பெட்டி அணைந்து எழும். அந்த நான்கைந்து நிமிடத்தில் ஆன்லைன் தேர்வு எழுதும் பிள்ளையின் இணைப்பு அறுந்துபோகும். 'அடிக்கடி நெட் கட் ஆகிறது' என்ற புகார் உங்களுடையது என்றால், அடுத்த முறை கட் ஆனதும் ஓடிப்போய்ப் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்லாம் அணைந்து புதிதாக எரியத் தொடங்கினால் அது கரண்ட் பிரச்சினை. பெட்டிக்கென்றே விற்கும் சிறு யு.பி.எஸ். ஒன்று வைத்தால் தீரும்.

சோதனை 3: அருகில் உட்கார்ந்து பார்த்தல்

லேப்டாப்பை ரவுட்டருக்கு அருகில் கொண்டுபோய் வையுங்கள். அங்கே ஓடி, அறையில் ஓடவில்லை என்றால் சிக்கல் காற்றில் இருக்கிறது.

இப்போதைய ரவுட்டர்கள் பல, இரண்டு அலைவரிசைகளில் வைஃபை கொடுக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் காங்கிரீட் தளம், தடித்த சுவர், இரும்பு பீரோ குறுக்கே வந்தால் சீக்கிரம் வலுவிழந்துவிடும். ஆகவே மாடி அறையில் படிக்கும் பிள்ளை 2.4-இல் இணைவது நல்லது. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இருப்பவர் 5-இல் இணையலாம். பழைய லேப்டாப்புகள் சிலவற்றுக்கு 5 தெரியவே தெரியாது. அந்த லேப்டாப்பில் வீட்டு வைஃபையின் பெயரே பட்டியலில் வரவில்லை என்றால் இதுவும் ஒரு காரணம்.

பெயர் வராமல் போக இன்னொரு காரணமும் உண்டு. 2.4-க்குள் சேனல் எனப்படும் பாதைகள் 1 முதல் 13 வரை நம் நாட்டில் உண்டு. அமெரிக்காவில் விற்பனைக்கென்று செய்த சில லேப்டாப்புகள் 11-க்கு மேல் பார்ப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த லேப்டாப்பில், ரவுட்டர் 12 அல்லது 13-இல் ஓடும்போது மட்டும் வைஃபை காணாமல் போவது இதனால்தான். ரவுட்டரில் சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக வைத்துவிட்டால் சரியாகும். நெருக்கமான வீடுகள் உள்ள தெருவில் இரவானால் வேகம் குறைகிறது என்பவர்களும் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். இவை மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று விழாத பாதைகள்.

ரவுட்டரை எங்கே வைத்திருக்கிறோம் என்பதையும் பாருங்கள். டி.வி.யின் பின்னால், பீரோவின் உள்ளே, தரையில் மூலையில் வைத்துவிட்டு வைஃபை வரவில்லை என்று குறைபட முடியாது. வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் இருப்பதே சரி.

ரவுட்டர் அருகிலேயே உட்கார்ந்தும் வரவில்லையா? ஒரு லேன் கேபிள் வாங்கி லேப்டாப்பை நேரடியாக ரவுட்டரில் செருகுங்கள். கேபிளில் வந்து வைஃபையில் வராவிட்டால், லேப்டாப்பில் அந்த வைஃபை பெயரை 'மறந்துவிடு' என்று கொடுத்து, கடவுச்சொல்லைப் புதிதாகத் தட்டி இணையுங்கள். ரவுட்டரின் கடவுச்சொல்லை யாராவது மாற்றியிருந்தால் லேப்டாப் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். புது ரவுட்டர் டபிள்யு.பி.ஏ.3 என்ற பாதுகாப்பு முறையை மட்டும் ஏற்குமாறு வைக்கப்பட்டிருந்தால், பழைய லேப்டாப் அதில் இணைய முடியாமல் திரும்பிவிடும். டபிள்யு.பி.ஏ.2-ஐயும் ஏற்குமாறு மாற்றச் சொல்லுங்கள்.

சோதனை 4: கதவு எண்ணைப் பார்த்தல்

வைஃபை இணைந்திருக்கிறது, சிக்னலும் முழுதாக இருக்கிறது, ஆனாலும் 'இணையம் இல்லை'. இந்த வகைதான் ஆளைச் சுற்றவைக்கும். மேலே சொன்ன பிள்ளையின் பிரச்சினையும் இதுவே.

ஒரு வீட்டு நெட்வொர்க்கை ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நுழையும் ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் ரவுட்டர் ஒரு கதவு எண் கொடுக்கிறது. அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். கூடவே, "தெருவை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் இந்த வாசல் வழியாகப் போ" என்று வாசலின் எண்ணையும் சொல்லிவிடுகிறது. அதற்குக் கேட்வே என்று பெயர். இப்படி எண் கொடுக்கும் வேலையை டி.எச்.சி.பி. என்கிறார்கள்.

லேப்டாப் என்ன எண் வாங்கியிருக்கிறது என்று பார்க்க, விண்டோஸில் தேடும் இடத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளையும் இடைவெளியின்றி ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். வரும் வரிகளில் ஐ.பி.வி.4 அட்ரஸ், டீஃபால்ட் கேட்வே என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எண் 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் எண்ணே கொடுக்கவில்லை. லேப்டாப் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டரை அணைத்துப் போட்டு மீண்டும் இணைத்துப் பாருங்கள்.

எண் 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் சரியே. ஆனால் வாசல் எண்ணை நன்றாக ஓடும் ஒரு போனோடு ஒப்பிடுங்கள். போனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டால் இந்த எண்கள் தெரியும். இரண்டின் வாசலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்த வீட்டில் ஒன்றாக இல்லை. கீழே, டேட்டாவை அணைத்த பிறகும் நெட் ஓடிய போனின் வாசல் 192.168.1.1. மாடியில் லேப்டாப்பின் வாசல் 192.168.0.1. ஒரே வீட்டில் இரண்டு வாசல் எப்படி வரும் என்று தம்பி கேட்டபோதுதான், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த மச்சான், மாடியில் சிக்னல் குறைவாக இருக்கிறதே என்று ஒரு பழைய ரவுட்டரைக் கேபிள் இழுத்து மாட்டிவிட்டுப் போனது தெரிந்தது. கீழே உள்ளதன் பெயரையும் கடவுச்சொல்லையுமே அதற்கும் வைத்திருந்தார். நல்லதை நினைத்துத்தான் செய்தார். ஆனால் பழைய ரவுட்டரில் எண் கொடுக்கும் வேலையை நிறுத்தவில்லை.

இப்போது ஒரே தெருவில் இரண்டு பேர் எண் கொடுக்கிறார்கள். கேட்பவருக்கு எவர் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் சொன்னதே எண், அவர் காட்டியதே வாசல். கீழ் ரவுட்டர் முந்தினால் நெட் வரும். மேல் ரவுட்டர் முந்தினால் அது தன்னையே வாசல் என்று காட்டும். அதற்குப் பின்னால் வெளி உலகத்துக்கு வழி இல்லை. ஃபார்மேட் செய்த அன்று மாலை நெட் வந்ததும் மறுநாள் போனதும் இதனால்தான். ஃபார்மேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தீர்வு எளிது. மேல் ரவுட்டரில் டி.எச்.சி.பி.யை நிறுத்தி, அதன் சொந்த எண்ணை 192.168.1.2 என்று, கீழ் ரவுட்டரின் தெருவுக்குள்ளேயே யாருக்கும் கொடுக்காத எண்ணாக மாற்றினார். கீழிருந்து வரும் கேபிள் லேன் என்று எழுதிய துளையில்தான் இருந்தது. அது சரியே. லேப்டாப்பை ஒரு முறை துண்டித்து இணைத்ததும் நெட் வந்தது. இன்று வரை போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டில் இரண்டாவது ரவுட்டர் இருந்து, அதன் அமைப்புக்குள் போகத் தெரியவில்லை என்றால், அதை ஒரு நாள் முழுதும் மின் இணைப்பிலிருந்து கழற்றி வையுங்கள். பிரச்சினையும் ஒரு நாள் விடுமுறை எடுத்துக்கொண்டால் குற்றவாளி அதுதான்.

சோதனை 5: மூன்று கேள்விகள்

அதே கறுப்புத் திரையில் பிங் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, ஓர் எண்ணைத் தட்டினால், லேப்டாப் அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்தால் ரிப்ளை என்று தொடங்கும் வரிகள் நான்கு வரும்.

முதலில் எழுதி வைத்த வாசல் எண்ணைக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையே சிக்கல்.

அடுத்து 8.8.8.8 என்ற எண். இது கூகுள் பொதுமக்களுக்காக நடத்தும் ஒரு சேவையின் எண். வாசல் பதில் தந்து இது பதில் தரவில்லை என்றால், வாசலுக்கு வெளியே வழி அடைபட்டிருக்கிறது.

மூன்றாவதாக, எண்ணுக்குப் பதில் தெரிந்த ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயரை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னால் சிக்கல் டி.என்.எஸ்.ஸில். டி.என்.எஸ். என்பது பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் டெலிபோன் டைரக்டரி போன்றது. நெட் இருக்கும், டைரக்டரி இருக்காது. வைஃபை அமைப்பில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கொடுத்தால் பெரும்பாலும் தீரும்.

கல்லூரியும் அலுவலகமும் விட்டுச் சென்றவை

போன் ஓடி லேப்டாப் மட்டும் ஓடவில்லை என்றால், வெளியிடத்தில் யாரோ செய்த அமைப்பு லேப்டாப்பிலேயே தங்கியிருக்கலாம். மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, நிலையான ஐ.பி. சில இடங்களில் எண்ணைக் கையால் எழுதி வைப்பார்கள். அந்தத் தெருவின் எண் நம் தெருவில் செல்லாது. ஐ.பி. அமைப்பைத் 'தானியங்கி' என்று மாற்றுங்கள். இதே சிக்கல் மறுபக்கமும் வரும்: கண்காணிப்பு கேமரா மாட்டுகிறவர் அதன் பெட்டிக்கு ஓர் எண்ணை நிலையாக எழுதி வைத்திருப்பார், ரவுட்டர் அதே எண்ணை லேப்டாப்புக்கும் கொடுத்துவிடும். ஒரு கதவு எண்ணுக்கு இரண்டு வீடு இருந்தால் தபால் எங்கே போகும்? இரண்டும் தடுமாறும்.

இரண்டு, ப்ராக்ஸி. கல்லூரியில் நெட் அவர்களுடைய ஒரு கணினி வழியாகத்தான் போக வேண்டும் என்று வைத்திருப்பார்கள். வீட்டில் அந்தக் கணினி ஏது? விண்டோஸ் அமைப்பில் ப்ராக்ஸி என்று தேடி, கையால் போட்டிருப்பதை அணையுங்கள்.

மூன்று, வி.பி.என். வேலைக்காகப் போட்ட வி.பி.என். இணைய முடியாமல் பாதியில் நின்றால், சில நேரம் மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிடும். அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் நெட்வொர்க் அமைப்புகளின் கடைசியில் 'நெட்வொர்க் ரீசெட்' என்று ஒன்று உண்டு. அது நெட் அமைப்புகளை மட்டும் புதிதாக்கும். உங்கள் கோப்புகளைத் தொடாது. சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் போய்விடும், முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மேட் என்ற சொல்லை யாராவது உச்சரிப்பதற்கு முன் இதைச் செய்து பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அதையும் மீறி ஃபார்மேட் செய்தே ஆகவேண்டும் என்றால், பிள்ளையின் கோப்புகள் வேறோர் இடத்தில் நகல் எடுக்கப்பட்டுள்ளன என்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே லேப்டாப்பைக் கையில் கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை

நெட் சரியில்லை என்ற பதற்றத்தில் போனில் தேடி, கிடைத்த 'கஸ்டமர் கேர்' எண்ணுக்கு அழைக்காதீர்கள். அவற்றில் மோசடிக்காரர்களின் எண்களும் கலந்திருக்கின்றன. உங்கள் பில்லிலோ பெட்டியின் மேலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசுங்கள். தெரியாதவர் சொல்லி, உங்கள் திரையை அவர் பார்க்கும் செயலி எதையும் போனிலோ லேப்டாப்பிலோ ஏற்றக் கூடாது. ஓ.டி.பி. சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

எங்களிடம் வரும்போது

இனி லேப்டாப் பழுது பார்க்க உதவி கேட்டு வருபவர்கள் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொண்டு வரவும்: ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் ஓடுகிறதா? மொபைல் டேட்டாவை அணைத்த பின் வீட்டு வைஃபையில் போன் ஓடுகிறதா? லேப்டாப் காட்டும் ஐ.பி. முகவரியும் கேட்வேயும் என்ன? கடைசியாக வீட்டில் நெட் சம்பந்தமாக மாற்றியது அல்லது புதிதாக மாட்டியது என்ன? எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர்கள் தயங்க வேண்டாம். பிள்ளையை அழைத்து வந்தால் நாங்களே கேட்டு எழுதிக்கொள்கிறோம். வீட்டுக்கு ஆள் வந்து பார்க்க வேண்டும் என்றால் அதற்கும் ஏற்பாடு செய்கிறோம்.

இதைக் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். கல்வி நிதி என்பது நீங்கள் எங்களை நம்பிக் கொடுத்த அமானிதம். அந்தப் பிள்ளை விஷயத்தில் பழுதில்லாத மிஷினுக்குப் பழுதுபார்க்கும் கூலி கொடுத்தோம். அது என் அவசரத்தால் போன பணம். உதவித்தொகை விண்ணப்பத்தை எங்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு அனுப்பிவிட்டார். ஆனால் அழிந்த ப்ராஜெக்ட் பக்கங்கள் திரும்பி வரவில்லை. ஒரு மாதம் இரவில் கண்விழித்து மறுபடி எழுதினார். அவரது உம்மா எங்களைக் குறை சொல்லவில்லை. "அன்னைக்கே ஒருத்தர் வீட்டுக்கு வந்து பார்த்திருந்தா இவ்வளவு சிரமம் இருந்திருக்காது மாமா" என்று அந்தப் பிள்ளை மட்டும் சொன்னார். உண்மைதான்.

இந்தப் பக்கத்தை வெட்டி ரவுட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்